பாரிஸில் இரண்டு நாள், இருபத்து மூன்று இடம்

உட்கார்ந்த இடத்திலிருந்து அடுத்தவர் காலை வலிக்க வைப்பதுதான் என் தொழில்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் அலுவலகம். ஒரு மருந்துக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் டேட்டா பார்த்துக்கொண்டிருந்தவளை ஒரு வியாழக்கிழமை காலை லே ஆஃப் செய்தார்கள். வேறு வேலை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், எதிர்வீட்டுக்காரர்களுக்கு ஒரு ப்ளான் போட்டுக் கொடுத்தேன். சென்னைக்குப் போகிற வழியில் பாரிஸில் இறங்கி, சனி ஞாயிறு சுற்றிவிட்டு, திங்கட்கிழமை மறுபடியும் விமானம் ஏறுவது. அந்த எக்செல் ஷீட் வாட்ஸப்பில் எனக்கு முன்னால் எடிசன், பிரிட்ஜ்வாட்டர், டெக்சஸ் என்று பயணம் போய்விட்டது. வேலை தேடுவதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை.

"நீங்கதான் நல்லா ப்ளான் பண்ணுவீங்களே" என்ற ஒரு வார்த்தைக்கு மயங்கி நாலு குடும்பத்துக்கு டூர் போட்டுக் கொடுத்துவிட்டு, நாலு குடும்பத்திடமும் திட்டு வாங்கியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். நீங்கள் என் இனம். ஆறுதலுக்காகப் படியுங்கள்.

ராகு காலமும் ஈஃபில் டவரும்

டெக்சஸ் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒருவர் பேசினார். ஐ.டி.யில் பெரிய பதவி. ஈஃபில் டவருக்குச் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தேன். அந்த நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலமாயிற்றே என்றார். பிறகு அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ராகு காலம் பாரிஸ் நேரப்படி பார்ப்பதா, டெக்சஸ் நேரப்படியா, கும்பகோணத்தில் அம்மா இருக்கும் நேரப்படியா? எனக்குக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் டைம் ஸோன் தொல்லை உண்டு. ஆனால் ராகுவுக்கு டைம் ஸோன் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

நான் மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று அரை நாள் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினேன். இடமே இல்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டார். கும்பகோணத்துக்குப் பேசிவிட்டாராம். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"அம்மா சொல்றாங்க மேடம், மேல ஏறுற நேரத்தைத்தான் பார்க்கணுமாம். கியூல நிக்கிறதுக்கு ராகு காலம் பரவாயில்லையாம்."

எட்டுப் பெட்டி

இது முழுக்க என் தவறு. ஒத்துக்கொள்கிறேன்.

எடிசனில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பெண்கள். மைத்துனர் கல்யாணத்துக்குச் சென்னை போகிறார்கள், வழியில் பாரிஸ். நம் ஜனம் இந்தியா போகிறதென்றால் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் இருபத்து மூன்று கிலோ, ஒரு கிராம் குறையாது. சாக்லேட், பாதாம், வைட்டமின் மாத்திரை, யாரோ ஒருவரின் மாமனாருக்கு வாக்கிங் ஷூ. பெட்டிகள் நேராகச் சென்னைக்குப் போய்விடும், கைப்பையோடு பாரிஸில் ஹாயாகச் சுற்றலாம் என்று அந்த அம்மாவிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தேன். ஒரு நாளுக்கு மேல் ஓர் ஊரில் தங்கினால் பெட்டியும் கூடவே இறங்கிவிடும் என்பதை மறந்துபோனேன்.

ஹோட்டலோ நானே தேடித் தேடிப் பிடித்த அழகான பழைய கட்டடம். ஐந்தாவது மாடி. லிஃப்ட் என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு ஆள் நிற்கலாம், அல்லது இரண்டு பெட்டி நிற்கலாம். இரண்டும் சேர்ந்து நிற்க முடியாது. கீழே கணவர் பெட்டியை ஏற்றி அனுப்புவார். மேலே மனைவி படியேறிப் போய்ச் சேர்வதற்குள் வேறு யாரோ பொத்தானை அமுக்கி லிஃப்டை இறக்கிவிடுவார்கள். பெட்டிகள் மட்டும் மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டிருந்தன. அந்த அம்மா நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டே எனக்கு ஃபோன் செய்தார்.

"அகிலா, பெட்டிங்க எல்லாம் நல்லா சுத்திப் பார்த்தாச்சு. நாங்கதான் இன்னும் ஒண்ணும் பார்க்கல."

விசாலம் ஆன்ட்டியின் ரகசியம்

இனிமேல் சொல்லப்போவது முழுக்க ஒரே தம்பதியைப் பற்றி. பிரிட்ஜ்வாட்டர் ராமநாதன் அங்கிளும் விசாலம் ஆன்ட்டியும். அங்கிள் பாலம் கட்டும் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர். ஆன்ட்டி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவர். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும், ஊருக்குப் போகும்போதெல்லாம் பாரிஸை ஜன்னல் வழியாக ரன்வே அளவில்தான் பார்த்திருக்கிறார்கள். இந்த முறை இறங்கிப் பார்த்துவிடுவது என்று முடிவு.

அங்கிள் என் வீட்டுக்கு வரும்போதே கையில் அச்சடித்த பட்டியல் இருந்தது. இருபத்து மூன்று இடங்கள். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், தூரம், நிமிடம், கடைசியில் டிக் போட ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் "பார்க்காவிட்டால் காரணம்" என்று ஒரு கட்டம். இதுவரை போன எந்த ஊரிலும் அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்ப நேர்ந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். ஒரு இடத்தை ரசித்தோமா என்பது அவரவர் விஷயம், கவர் பண்ணிவிட்டோமா என்பதுதான் கேள்வி என்பது அவர் கட்சி. நம்மில் பாதிப் பேர் அந்தக் கட்சிதான், அதனால் பட்டியலை அப்படியே வாங்கிக்கொண்டேன்.

அங்கிள் காரில் மறந்துவிட்ட மேப்பை எடுக்கப் போனபோது, அதுவரை பேசாமல் இருந்த ஆன்ட்டி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ப்ளஸ் டூவில் அவர் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவர். எதற்கு என்று உங்களுக்கே தெரியும். மார்க்குக்கு. தமிழில் எவ்வளவு எழுதினாலும் கையை இறுக்குவார்கள், பிரெஞ்சில் அள்ளிப் போடுவார்கள். ஆன்ட்டி இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று. வகுப்பில் டீச்சர் பிரெஞ்சை இங்கிலீஷில் நடத்தினார், சந்தேகத்தைத் தமிழில் தீர்த்தார். பரீட்சையும் எழுத்துப் பரீட்சைதான், ஓரல் கிடையாது. ஆகவே நூற்றுத் தொண்ணூற்றொன்று வாங்கிய ஆன்ட்டி, இன்றுவரை ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதைக் கணவரிடம் சொல்லவில்லையா என்றேன். சொன்னால் அதையும் இருபத்து நாலாவது வரியாகச் சேர்த்து, மூன்று நிமிடம் என்று போட்டு, பக்கத்தில் நின்று வாட்ச்சைப் பார்ப்பார் என்றார். காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஆன்ட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு டவரும் வேண்டாம், படமும் வேண்டாம் அகிலா. நான் பிரெஞ்சுல ஒண்ணு கேக்கணும், அவங்க பிரெஞ்சுல பதில் சொல்லணும். அது போதும்."

ஒரு மணி நேரத்தை ஒளித்து வைத்தது

ஆன்ட்டி கேட்டது ஒரு மணி நேரம். அதை அங்கிளின் பட்டியலில் எங்கே செருகினாலும் மறுநாள் காலை அந்த இடத்தில் ஒரு சர்ச்சோ ஒரு சிலையோ முளைத்திருந்தது. ஓய்வு என்று போட்டேன், அடித்துவிட்டார். காப்பி என்று போட்டேன், ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போவதாகச் சொன்னார். இன்கம் டாக்ஸ் ஆபீசர் கூட இவ்வளவு துருவ மாட்டார்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஞாயிறு மதியம், பத்தொன்பதாவது இடம், ஒரு சின்ன மியூசியம். மூன்று மணிக்கான டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டு, ஷீட்டில் "இரண்டு மணி: டிக்கெட் கியூ, ஒரு மணி நேரம்" என்று எழுதிவிட்டேன். அங்கே கியூவே இருக்காது. மூன்று மணிக்கு முன்னால் உள்ளே விடமாட்டார்கள். எதிரில் ஒரு காப்பிக் கடை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். கியூ என்றால் அங்கிள் மறுபேச்சுப் பேசமாட்டார், கியூ அவருக்குக் கடமை. ஆன்ட்டியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து, அங்கிள் வாக்கிங் போகும் நேரம் பார்த்து, தினமும் ஃபோனில் என்னிடம் பிரெஞ்சை ஒப்பிக்க ஆரம்பித்தார். எனக்குப் பிரெஞ்சில் நன்றி கூடத் தெரியாது. இருந்தாலும் ம் கொட்டினேன்.

பிரச்சினை என்னவென்றால், ஆன்ட்டிக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் பாடப் புத்தகப் பிரெஞ்சு. ஒரு விவசாயி, அவன் மூன்று மகன்கள், நிலத்தைத் தோண்டச் சொல்லிவிட்டு அவன் சாவது. இதை ஒரு தடங்கல் இல்லாமல் சொல்லிவிட்டு ஆன்ட்டி பெருமூச்சு விட்டார்.

"கல்யாணம், அறுவடை, சாவு எல்லாத்துக்கும் வாக்கியம் வச்சிருக்கேன். ஒரு காப்பி கேக்கத்தான் சொல்லித் தரல."

சனிக்கிழமை நிலவரம்

சனிக்கிழமை காலையிலிருந்து அங்கிள் படமாக அனுப்பித் தள்ளினார். ஒவ்வொரு படத்திலும் பின்னணி மட்டும்தான் மாறியது. முன்னால் ஆன்ட்டி அதே நீல ஸ்வெட்டரில், அதே ஸ்போர்ட்ஸ் ஷூவில், அதே முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். படத்துக்குக் கீழே அங்கிளின் குறிப்பு: ஏழு முடிந்தது. எட்டு முடிந்தது. ஒன்பது, மழை, முடிந்தது.

எங்களுக்கு மதியம், அங்கே சாயங்காலம். அங்கிள் ஹோட்டல் ரூமில் காலை நீட்டிக்கொண்டு பட்டியலில் டிக் போட்டுக்கொண்டிருக்க, ஆன்ட்டி வராந்தாவுக்கு வந்து பேசினார். அன்று ஆறு இடத்தில் பிரெஞ்சில் ஆரம்பித்துப் பார்த்திருக்கிறார். மெட்ரோவில், மியூசியத்தில், தண்ணீர் பாட்டில் விற்பவரிடம். எல்லோரும் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே இங்கிலீஷுக்குத் தாவிவிட்டார்களாம், உதவி செய்கிறார்களாம். எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அத்தனை நாள் ஃபோனில் ம் கொட்டியவள் நான். நாளைக்கு அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே ஆன்ட்டி என்றேன். அவருக்கு அதிலும் நம்பிக்கை போய்விட்டிருந்தது.

"அவங்க இங்கிலீஷ் என் பிரெஞ்சை விட மோசம் அகிலா. ஆனா விட்டுக் கொடுக்க மாட்டேங்கறாங்க."

இடையில் ஒரு சாம்பார்

அதே சனிக்கிழமை, அதே பாரிஸில் என்னுடைய இன்னொரு குடும்பமும் இருந்தது, ஹூஸ்டன்காரர்கள். சுத்த சைவம். வெங்காய சூப்பில் மாட்டு எலும்புச் சாறு இருக்கும், சீஸில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது என்றெல்லாம் எச்சரித்து, அவர்களுக்காக ஒன்பது சைவ ஹோட்டல்களை மேப்பில் குத்தி அனுப்பியிருந்தேன். எதற்கு வம்பு என்று இரண்டு நாளும் மூன்று வேளையும் ஒரே இடத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்க் கடைகள் இருக்கும் தெருவில் ஒரு இட்லிக் கடை. பாரிஸ் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பாரிஸ் சூப்பர் அகிலா. சாம்பார்தான் கொஞ்சம் இனிப்பு."

ஓரல்

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு எனக்குச் செய்தியே வரவில்லை. பத்தொன்பதாவது படத்தோடு அங்கிளின் வாட்ஸப் நின்றுவிட்டது. அதற்குமேல் ஒரு படம் கூட இல்லை. யாருக்காவது உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று நான்கு முறை ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆன்ட்டி, சென்னையில் தங்கை வீட்டிலிருந்து கூப்பிட்டார்.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்ட கதைதான் முதலில். இரண்டு மணிக்கு மியூசியம் போயிருக்கிறார்கள். நான் சொன்னபடியே கியூ இல்லை. ஆனால் ஆளே இல்லாததால் வாசலில் இருந்தவர், மூன்று மணி டிக்கெட்தானே, பரவாயில்லை என்று உள்ளே விட்டுவிட்டார். அங்கிளுக்குப் பரம சந்தோஷம். இரண்டரைக்கு வெளியே வந்து, ஒரு மணி நேரம் லாபம், பக்கத்தில் பட்டியலில் இல்லாத ஒரு பழைய இரும்புப் பாலம் இருக்கிறது, போகலாம் என்று கிளம்பியிருக்கிறார். ஆன்ட்டி தெருவிலேயே நின்றுவிட்டார். கால் வலிக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றார். காலில் ஒரு வலியும் இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய் என்று என்னிடம் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை, அது வேறு விஷயம்.

அங்கிள் பாலத்துக்குப் போக, ஆன்ட்டி அந்தக் காப்பிக் கடைக்குள் போனார். உள்ளே கவுன்டரில் ஒருவர், கப் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டமில்லை. ஆன்ட்டி இரண்டு வாரமாக உருப்போட்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். வணக்கம் ஐயா, எனக்கு ஒரு காப்பி வேண்டும், தயவு செய்து. அவ்வளவும் பிரெஞ்சில். அந்த மனிதர் நிமிர்ந்து ஆன்ட்டியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், கழுத்துத் தாலியைப் பார்த்தார், சிரித்தார்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக அந்தக் கடையில் வேலை. வேறு எந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும் ஆன்ட்டி பூரித்துப் போயிருப்பார். அந்த நிமிடம் அழுகை வந்துவிட்டதாம். நாற்காலியில் உட்கார்ந்து, ப்ளஸ் டூ, நூற்றுத் தொண்ணூற்றொன்று, விவசாயியின் மூன்று மகன்கள், நேற்றைய ஆறு தோல்விகள் எல்லாவற்றையும் அவரிடம் தமிழில் கொட்டியிருக்கிறார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கப்பையும் துணியையும் ஓரமாக வைத்துவிட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டார். வெளியில் போய்த் திரும்ப வாங்கோ அக்கா, நான் உங்களைத் தெரியாத மாதிரி நிக்கிறன் என்றார்.

ஆன்ட்டி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தினார். திரும்பத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். வணக்கம் ஐயா, எனக்கு ஒரு காப்பி வேண்டும். இந்த முறை அவர் ஒரு தமிழ் எழுத்துக் கூட உதிர்க்கவில்லை. பிரெஞ்சில், கறாராக, சின்னக் காப்பியா பெரிய காப்பியா என்று கேட்டார். பால் வேண்டுமா, உள்ளே உட்காருவீர்களா வெளியிலா, எந்த ஊர், எத்தனை நாள், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டே போனார். ஆன்ட்டி தடுக்கினால் காத்திருந்தார், எடுத்துக் கொடுக்கவில்லை. அப்போது பக்கத்து மேஜையில் இருந்த ஒரு வயதான பிரெஞ்சு அம்மாள் திரும்பி, மழை நின்றுவிட்டதா என்று ஆன்ட்டியைக் கேட்டிருக்கிறார், பிரெஞ்சில்தான். ஆன்ட்டி யோசிக்காமல், இல்லை அம்மா, கொஞ்சம் தூறுகிறது என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்ததாம். அந்த அம்மாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மேலே பேச ஆரம்பித்துவிட்டார். ஆன்ட்டி கவுன்டரைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர் ஒன்றும் தெரியாதவர் போலக் கப் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஃபோனில் ஆன்ட்டி இதைச் சொல்லி முடித்தபோது, அந்தக் காப்பி வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லி ம் கொட்டினேன். சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

"நாப்பது வருஷம் கழிச்சு ஓரல் வச்சுட்டாங்க அகிலா. எக்ஸாமினர் யாழ்ப்பாணம்."

கடைசிக் கட்டம்

ஊர் சுற்றி முடித்ததும் டிக் போட்ட பட்டியலை எனக்கு அனுப்புவதாக அங்கிள் சொல்லியிருந்தார். சென்னையிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். பத்தொன்பது வரை அழகாக டிக். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று, நான்கும் காலி. பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆன்ட்டி சொல்லித்தான் தெரியும், பாலத்திலிருந்து திரும்பிய மனிதர் கடைக் கண்ணாடி வழியாக, தன் மனைவி யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் தூறலில் வெளியிலேயே நின்றிருக்கிறார். அந்த அம்மாள் எழுந்து போன பிறகுதான் உள்ளே வந்தாராம். வந்தவர் வாட்ச்சைப் பார்க்கவில்லை. தனக்கும் ஒரு காப்பி சொல்லு என்றாராம், இருட்டும்வரை எழுந்திருக்கவில்லையாம்.

நான் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "பார்க்காவிட்டால் காரணம்" என்ற அந்தக் கட்டத்தில், இதுவரை எந்த ஊரிலும் நிரப்ப நேராத அந்தக் கட்டத்தில், நான்கு வரிக்கும் சேர்த்து இன்ஜினியர் கையெழுத்தில் ஒரே காரணம் எழுதியிருந்தது.

"விசாலம் பேசிக்கொண்டிருந்தாள்."

இப்போதெல்லாம் யார் வந்து எந்த ஊருக்கு ப்ளான் கேட்டாலும் இல்லாத ஒரு கியூவை ஒரு மணி நேரத்துக்குப் போட்டுத்தான் கொடுக்கிறேன், என் தொழிலில் இதுவரை யாரும் புகார் சொல்லாத ஒரே ஐட்டம் அதுதான்.